அமெரிக்க ரயிலின் வேகம் எங்கே தொலைகிறது: பாஸ்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஏழு நாள்

முதல் நாள்: பாஸ்டன் – நியூயார்க், 372 கி.மீ.

பாஸ்டன் சவுத் ஸ்டேஷனில் அசெலா என்ற அதிவேக ரயிலில் ஏறுபவர்கள் போகும் திசைக்கு இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடல் அந்தப் பக்கம்தான் வரும். அசெலாவில் சாதாரண வகுப்பு கிடையாது. பிசினஸ், ஃபர்ஸ்ட் இரண்டு மட்டுமே. விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதே தண்டவாளத்தில் ஓடும் நார்த்ஈஸ்ட் ரீஜனல் ரயிலில் கட்டணம் குறைவு. அரை மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ கூடுதலாகும். காசு முக்கியம் என்றால் யோசிக்காமல் ரீஜனலில் ஏறலாம்.

2000 டிசம்பரில் தொடங்கிய சேவை இது. புதிய தலைமுறை ரயில்கள் 2025 ஆகஸ்ட் 28-இல் ஓடத் தொடங்கின. மொத்தம் 28 ரயில்கள், நியூயார்க் மாநிலத்தின் ஹார்னெல் ஊரில் அல்ஸ்டாம் கட்டியவை. பழைய ரயிலில் 304 இருக்கை, இதில் 386. உச்ச வேகம் மணிக்கு 257 கி.மீ. இவை 2021-லேயே வந்திருக்க வேண்டியவை. தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம், பழைய தண்டவாளத்தில் புதுச் சக்கரம் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் கணினி மாதிரி சோதனையில் தேறாமல் இழுத்ததுதான். புத்தம் புது ரயிலை நூறு வயதுப் பாதையில் விட்டால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

பாஸ்டனைத் தாண்டியதும் மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டின் கிங்ஸ்டன் பக்கத்திலும் ரயில் உண்மையாகவே பறக்கிறது: 240 கி.மீ. ஆனால் பாஸ்டன் – நியூயார்க் முழுத் தூரத்துக்கும் ஏறக்குறைய 3 மணி 40 நிமிடம் ஆகிறது. சராசரி போட்டால் மணிக்கு 101 கி.மீ.தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் வேலை.

பள்ளம் கனெக்டிகட்டில் தொடங்குகிறது. பாதை கடற்கரையின் நெளிவை ஒட்டியே போடப்பட்டது. வளைவில் ஒரு ரயில் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை ஆரமே தீர்மானிக்கிறது, அதுவும் வர்க்கக் கணக்கில்: வேகத்தை இரட்டிப்பாக்க ஆரம் நான்கு மடங்கு ஆக வேண்டும். 1 கி.மீ. ஆரமுள்ள வளைவில், வெளித் தண்டவாளத்தை நன்றாக உயர்த்தி, வளைவின் உள்பக்கம் சாயும் பெட்டியும் வைத்தால் 160 கி.மீ. வரை போகலாம். அதே கணக்கில் 320 கி.மீ. வேண்டுமானால் 4 கி.மீ. ஆரம் தேவை. எஞ்சினை எவ்வளவு பலமாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. வளைவை நேராக்க வேண்டும். அதற்கு ஊருக்கு நடுவே நிலம் எடுக்க வேண்டும். ஓல்ட் சேப்ரூக்கிலிருந்து ரோட் ஐலண்டின் கென்யன் வரை புதுப் பாதை ஒன்றை மத்திய ரயில்வே நிர்வாகம் முன்வைத்தது. ஓல்ட் லைம் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2017 ஜூலையில் இறுதித் திட்டத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ரயில் அங்கே நிற்காது. இடிவது மட்டும் அவர்கள் ஊர்.

நியூ லண்டன் பகுதியில் இன்னும் 11 லெவல் கிராசிங் உண்டு. படகுக்காகத் திறக்கும் பாலங்கள் வேறு. கனெக்டிகட் ஆற்றுப் பாலம் 1907-இல் கட்டியது. கடல் போக்குவரத்துக்கும் வழி விட வேண்டும் என்பதால் இந்தப் பாலங்களின் மேல் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகலாம் என்பதற்கே வரம்பு இருக்கிறது.

நியூ ஹேவனுக்குப் பிறகு பாதை, அசெலாவை ஓட்டும் ஆம்டிராக் நிறுவனத்தின் கையில் இல்லை. மெட்ரோ-நார்த் புறநகர் ரயில்கள் நிறைந்த தடம். அடுத்தடுத்த தண்டவாளங்கள் நெருக்கமாக இருப்பதால் பழைய அசெலாவைச் சாயவிட முடியவில்லை. சாய்ந்தால் எதிர் ரயிலை உரசும் என்ற கவலை. உலகத் தரமான சாயும் ரயில் என்று வாங்கிவிட்டு, அதிகமாகச் சாய வேண்டிய இடத்தில் சாயாமல் ஓட்டினார்கள்.

இரண்டாம் நாள்: நியூயார்க் – வாஷிங்டன், 364 கி.மீ.

முதலில் பென் ஸ்டேஷன் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. 2021 ஜனவரியில் திறந்த மொய்னிஹன் கூடத்தில் காத்திருங்கள். வெளிச்சமும் இடமும் அங்கேதான். நடைமேடை எண் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால்தான் பலகையில் வரும். கீழே 21 தடங்களுக்கு 11 நடைமேடைகள், எல்லாம் 1910-இன் குறுகிய அகலம். முன்கூட்டியே ஆட்களை இறக்கிவிட்டால் வந்த ரயிலிலிருந்து இறங்குபவர்கள் ஏற வழியிருக்காது.

ரயில் கிளம்பிய உடனே ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகிறது. இரண்டே குழாய்கள், குழாய்க்கு ஒரு தடம், 1910-இல் திறந்தவை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 24 ரயில் இதன் உச்சம். 2012 அக்டோபரில் சாண்டி புயலில் கடல்நீர் உள்ளே புகுந்தது. நீரை இறைத்துவிட்டார்கள், உப்பு போகவில்லை. குளோரைடு கான்கிரீட்டையும் கம்பிகளையும் உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு குழாயை மூடி முழுமையாகப் பழுது பார்க்கலாமே என்று தோன்றும். மூடினால் மிச்சக் குழாயில் இரு திசையும் மாறி மாறிப் போக வேண்டும்; 24 என்பது பாதியாகக் குறையாது, 6 ஆகிவிடும். அதனால்தான் முதலில் புதுச் சுரங்கம், பிறகு பழையதன் பழுது என்று வரிசை. புதுச் சுரங்கத் திட்டம் ஏறக்குறைய 1,600 கோடி டாலர்.

சில நிமிடத்தில் ஹாக்கன்சாக் ஆற்றின் மேல் போர்ட்டல் பாலம். இதுவும் 1910. படகு வந்தால் பாலத்தின் நடுப்பகுதி சுழன்று திறக்கும். திரும்ப மூடும்போது தண்டவாளத்தின் முனைகள் துல்லியமாகப் பொருந்தி உட்கார வேண்டும். உட்காராத நாட்களில் ஊழியர்கள் சம்மட்டியால் அடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவரை நாட்டின் மிக நெரிசலான ரயில் பாதை நின்றுகொண்டிருக்கும். பக்கத்திலேயே புதிய போர்ட்டல் நார்த் பாலம் எழும்பியிருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேல் 15 மீட்டர் உயரம் என்பதால் திறக்கும் பாகமே அதில் இல்லை. இதை எந்தப் பத்திரிகையும் அதிவேக ரயில் என்று தலைப்பிட்டு எழுதாது. ஆனால் பயண நேரத்தை நம்பகமாக்குவதில் புது ரயில் பெட்டிகளைவிட இந்தப் பாலத்துக்குப் பங்கு அதிகம்.

நியூ பிரன்ஸ்விக் – ட்ரென்டன் இடையே சுமார் 38 கி.மீ. இன்னொரு வேகப் பகுதி. இங்கே மேலே தலை நிமிர்த்திப் பாருங்கள். வாஷிங்டன் – நியூயார்க் மின்கம்பி 1930-களில் பென்சில்வேனியா ரயில்ரோடு கட்டியது. வெயிலில் கம்பி நீண்டு தொய்யும், குளிரில் இறுகும். தொய்ந்த கம்பியின் அடியில், ரயில் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் வேகமாக ஓடினால் கம்பி அலை அலையாகத் துள்ளும். தொடர்பு விட்டுப்போய்ப் பொறி பறக்கும். கடைசியில் கம்பியே சிக்கி அறுந்து விழும். அதனால் பழைய கம்பியின் கீழ் உச்சம் 217 கி.மீ. இந்த 38 கி.மீ.யில் கப்பியும் எடைக்கட்டியும் தொங்கவிட்டு, வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் கம்பி ஒரே இழுவிசையில் நிற்கும்படி மாற்றத் திட்டமிட்டார்கள். 2011-இல் 45 கோடி டாலர் ஒதுக்கிய வேலை.

மின்சாரமும் ஒரே மாதிரி இல்லை. வாஷிங்டனிலிருந்து நியூயார்க் வரை 12 கிலோவோல்ட், 25 ஹெர்ட்ஸ். அங்கிருந்து நியூ ஹேவன் வரை 12.5 கிலோவோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிறகு பாஸ்டன் வரை 25 கிலோவோல்ட், 60 ஹெர்ட்ஸ். மாறும் இடத்தில் ஓட்டுநர் மின்சாரத்தை விட்டு ரயிலை உருளவிட்டுக் கடக்கிறார். 25 ஹெர்ட்ஸ் ஊர் மின்சாரத்தில் கிடைக்காது. அதற்கென மாற்றி நிலையங்களும், சஸ்குவெஹானா ஆற்றில் சேஃப் ஹார்பர் அணையில் தனி ஜெனரேட்டர்களும் இன்றும் ஓடுகின்றன. உதிரிப் பாகம் கடையில் கிடைக்காத பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

பிலடெல்பியாவுக்குள் நுழையும் முன் ஃபிராங்க்ஃபோர்ட் வளைவு. வேக வரம்பு 80 கி.மீ. 2015 மே 12 இரவு ஒரு ரயில் 171 கி.மீ.யில் நுழைந்து தடம் புரண்டு 8 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தவறினாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் அமைப்பு அந்த வளைவில் அன்று இயங்கவில்லை, இன்று இருக்கிறது.

பிறகு பால்டிமோர். 1873-இல் திறந்த, 2.25 கி.மீ. நீளமுள்ள வளைந்த சுரங்கம். வரம்பு 48 கி.மீ. பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். நியூ ஜெர்சியின் 38 கி.மீ.யில் வேகத்தை 240-லிருந்து 257 ஆக்கினால் மிச்சமாவது சுமார் 40 விநாடி. பால்டிமோரில் வெறும் 2.25 கி.மீ.யில் 48-ஐ 160 ஆக்கினால் மிச்சமாவது ஏறக்குறைய 2 நிமிடம். பிரேக் பிடித்து மறுபடி வேகம் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். உச்ச வேகத்தை உயர்த்தக் காசு கேட்டால் அரசியல்வாதிகள் ரிப்பன் வெட்ட வருவார்கள். அடி வேகத்தை உயர்த்துவதுதான் நேரத்தைத் தருகிறது. மாற்றுச் சுரங்கத்துக்கு ஃபிரெடரிக் டக்ளஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, பால்டிமோரிலிருந்து ரயிலேறித் தப்பியவர் அவர். பொருத்தமான பெயர்.

இத்தனை குறைக்கும் நடுவில், நியூயார்க் – வாஷிங்டன் இடையே எல்லா விமானங்களும் சேர்ந்து கொண்டுபோகும் ஆட்களைவிட ஆம்டிராக் கொண்டுபோவது அதிகம். ரயில் வேண்டும் என்பவர்களின் மிகப் பலமான சாட்சி இதுதான். இரண்டு முனையிலும் ஊர் நடுவில் இறங்கி, மெட்ரோ பிடித்துப் போக முடிகிற இடத்தில், சராசரி 125 கி.மீ.யே விமானத்தை வெல்லப் போதுமானதாக இருக்கிறது.

மூன்றாம் நாள்: வாஷிங்டனிலிருந்து தெற்கே, இரவு ரயில்

மின்கம்பி வாஷிங்டனோடு முடிகிறது. ஃபுளோரிடா போகும் சில்வர் மீட்டியர் ரயிலுக்கு இங்கே எஞ்சின் மாற்றி டீசல் பூட்டுகிறார்கள். நடைமேடையில் இறங்கிக் காலாற நடக்க நேரம் கிடைக்கும். நடத்துநரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனிப் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனியின் பாதை. பயணி ரயிலுக்கே முன்னுரிமை என்று 1973-லிருந்து சட்டம் சொல்கிறது. ஆனால் அதை மீறினால் வழக்குப் போடும் உரிமை மத்திய நீதித் துறையிடம் மட்டும் இருக்கிறது, அது அபூர்வமாகவே போடுகிறது. அதைவிட அடிப்படையான சிக்கல் நீளம். இன்றைய சரக்கு ரயில்கள் பல, ஒதுங்கி நிற்கும் லூப் தடத்தைவிட நீளமானவை. ஒற்றைத் தடத்தில் இரண்டும் எதிரெதிரே வந்தால் லூப்பில் அடங்குகிற ரயில்தான் ஒதுங்க முடியும். பயணி ரயில் சின்னது. அதனால் அதுவே நிற்கிறது. சட்டம் ஒன்று சொல்ல, தண்டவாளத்தின் நீளம் வேறு தீர்ப்பு எழுதுகிறது. இந்த ரயிலில் வருபவர்கள் இறங்கும் ஊரில் அடுத்த ரயிலுக்கோ விமானத்துக்கோ மூன்று மணி இடைவெளியாவது விடுங்கள்.

நான்காம் நாள்: ஆர்லாண்டோ – மியாமி, 378 கி.மீ.

ஆம்டிராக் இறக்கிவிடுவது ஊருக்குள். பிரைட்லைன் கிளம்புவது விமான நிலையத்தின் டெர்மினல் சி பக்கத்தில். இரண்டையும் இணைக்கும் ரயில் இல்லை; வாடகைக் காரோ பேருந்தோதான்.

பிரைட்லைன் தனியார் ரயில். தென் ஃபுளோரிடாவில் 2018-லும் ஆர்லாண்டோ வரை 2023 செப்டம்பர் 22-லும் தொடங்கியது. சீமென்ஸ் டீசல் எஞ்சின், மின்கம்பியே கிடையாது. உச்ச வேகம் மியாமி – வெஸ்ட் பாம் பீச் இடையே மணிக்கு 127 கி.மீ., அங்கிருந்து கொக்கோ வரை 177, கொக்கோவிலிருந்து ஆர்லாண்டோ வரை நெடுஞ்சாலையை ஒட்டிய புதுப் பாதையில் 200. மொத்தப் பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி, சராசரி வேகம் 108 கி.மீ. முதல் நாள் கணக்கை இங்கே பக்கத்தில் வையுங்கள்: 257 கி.மீ. ஓடக்கூடிய அசெலா பாஸ்டன் – நியூயார்க்கில் எடுத்த சராசரி 101. 200-க்கு மேல் போகாத டீசல் ரயில் அதை முந்துகிறது, ஏனென்றால் இதன் வழியில் திறக்கும் பாலமும் கடற்கரை நெளிவும் குறைவு.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு கொடிய விலை இருக்கிறது. வழியில் 300-க்கு மேற்பட்ட லெவல் கிராசிங்குகள். 2018-லிருந்து இந்த ரயிலில் அடிபட்டு இறந்தவர்கள் ஏராளம். தற்கொலைகளும் அதில் அடங்கும். மத்திய விதிப்படி 177 கி.மீ. வரை கிராசிங் இருக்கலாம். 177-இலிருந்து 201 வரை வண்டி உடைத்துப் போக முடியாத தடுப்பு வேண்டும். அதற்கு மேல் கிராசிங்கே கூடாது. எச்சரிக்கை மணி ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்னால் அடிக்க வேண்டும். 177 கி.மீ.யில் 20 விநாடி என்றால் ரயில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மெதுவான சரக்கு ரயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தூரமாகத் தெரியும். இன்னொரு மோசமான சூழல் இரட்டைத் தடம்: ஒரு ரயில் போனதும் கதவு இன்னும் மூடியிருக்கிறதே என்று சுற்றிக்கொண்டு போகிறவர் மீது இரண்டாவது தடத்து ரயில் மோதுகிறது. சாலையின் இரு பாதியையும் இரு பக்கமும் மறைக்கும் நான்கு கதவு அமைப்பு இந்தச் சுற்றிப்போகும் வழியை அடைக்கும். சிகாகோ – செயின்ட் லூயிஸ் பாதையில் 177 கி.மீ.க்கு உயர்த்தியபோது அப்படித்தான் செய்தார்கள். அந்த வேலை முழுவதற்கும் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் ஆனது. மேம்பாலம் கட்டக் காசில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள் என்பதே இந்தக் குறிப்பின் நிலைப்பாடு. இதில் சமரசம் செய்ய இடமில்லை.

காசு விஷயத்திலும் ஃபுளோரிடா ஒரு பாடம். தனியார் கட்டினால் மக்கள் பணம் வீணாகாது என்று வாதிடுபவர்கள் பிரைட்லைனைத்தான் காட்டுவார்கள். பயணிகள் எண்ணிக்கை முன்கணிப்பைத் தொடவில்லை. 2025-இல் கடன் பத்திரங்களில் ஒரு பகுதிக்கு வட்டி செலுத்துவதைத் தள்ளிப்போட்டார்கள். ரயில் நிரம்பி ஓடினாலும் டிக்கெட் காசு பாதை கட்டிய கடனை அடைப்பது எளிதல்ல. நெடுஞ்சாலைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது ரயில் ஆதரவாளர்களின் நியாயமான வருத்தம்.

ஐந்தாம் நாள்: மியாமி – லாஸ் ஏஞ்சலஸ், விமானம்

3,700 கி.மீ.க்கு மேல். இந்தத் தூரத்தில் உலகின் எந்த ரயிலும் விமானத்தோடு போட்டி போடாது. நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு யார் ரயிலில் போவார்கள் என்று எதிர்ப்பவர்கள் கேட்பது, யாருமே முன்வைக்காத திட்டத்துக்கு எதிரான வாதம். 200 முதல் 800 கி.மீ. இடைவெளியில் இருக்கும் நகர ஜோடிகள்தான் பேச்சு. டாலஸ் – ஹூஸ்டன் 385 கி.மீ. சமவெளி அதற்கு அழகாகப் பொருந்தும். ஜப்பானின் ஷின்கான்சென் ரயிலை வைத்து 90 நிமிடம் என்று திட்டமிட்டார்கள். நிலம் கையகப்படுத்தும் உரிமை உண்டு என்று 2022-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் மத்திய உதவித் தொகை ரத்தானது. இன்னும் ஒரு தண்டவாளம் விழவில்லை.

ஆறாம் நாள்: லாஸ் ஏஞ்சலஸ் – ஃப்ரெஸ்னோ

லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனில் ரயில் டிக்கெட் வாங்கினால் பேருந்தில் ஏற்றுவார்கள். குழம்ப வேண்டாம், அதுதான் முறை. பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கேதான் ரயில். நடுவில் இருக்கும் தெஹாச்சாபி மலைப் பாதை முழுக்கச் சரக்கு ரயில் நெரிசல்; பயணி ரயிலுக்கு இடமில்லை. மாநிலத்தின் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே நேர் ரயில் பாதையில் விழுந்த ஓட்டை இது.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வடக்கே போகும்போது ஆங்காங்கே ஜன்னலில் பெரிய கான்கிரீட் பாலங்கள் தெரியும்: தண்டவாளமின்றி, தூண் வரிசையாக. கலிஃபோர்னியா அதிவேக ரயில் இதுதான். 2008 நவம்பரில் 995 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதித்தார்கள். அப்போது சொன்ன செலவு 3,300 கோடி டாலர், முடியும் ஆண்டு 2020. சான் பிரான்சிஸ்கோ – லாஸ் ஏஞ்சலஸ் 2 மணி 40 நிமிடத்தில் போக வேண்டும் என்று அந்தச் சட்டமே எழுதிவைத்தது. 2024 மதிப்பீட்டில் செலவு 8,900 முதல் 12,800 கோடி டாலர் வரை.

எங்கே தவறியது? இது விவசாய நிலமாயிற்றே, எளிது என்று நினைத்தார்கள். 2009 மத்திய உதவிப் பணத்தை 2017 செப்டம்பருக்குள் செலவழிக்க வேண்டும் என்று கெடு. அதனால் நிலம் கைக்கு வரும் முன்பே 2013-இல் முதல் கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தேவைப்பட்டது 2,000-க்கு மேற்பட்ட நிலத் துண்டுகள். ஒரு துண்டு கிடைத்து அடுத்தது கிடைக்காவிட்டால் அங்கே பாலம் கட்ட முடியாது. ஆளும் இயந்திரமும் காத்திருக்கும். காத்திருப்புக்கு ஒப்பந்தக்காரர் பணம் கேட்பார். நிலம் வந்தபின் அதன் அடியில் கேஸ் குழாய், நீர்க் குழாய், பாசனக் கால்வாய், தொலைபேசிக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரிமையாளர், ஒவ்வொரு அனுமதி. அவர்கள் நகர்த்தித் தரும்வரை மறுபடி காத்திருப்பு. நிலம், குழாய், வடிவமைப்பு, பிறகு ஒப்பந்தம் என்பது சரியான வரிசை. இங்கே அது தலைகீழாகப் போனது. கட்டுமானம் தெரிந்தவர்களுக்கு ரயிலின் வேகமோ தொழில்நுட்பமோ இதில் பிரச்சினையாகத் தெரியாது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் பலமானது இதுதான்: பணத்தைச் செலவழித்த 192 கி.மீ. பகுதி லாஸ் ஏஞ்சலஸையும் தொடவில்லை, சான் பிரான்சிஸ்கோவையும் தொடவில்லை. இரு முனையிலும் மலை. சான் ஹோசே பக்கம் பச்சேகோ கணவாயில் 20 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கம் வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு சுமார் 400 கோடி டாலர் உதவியை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் 2045 வரை ஆண்டுக்கு 100 கோடி ஒதுக்கியது. நிலையான வருமானம் வந்தது நல்லது. ஆனால் ஆண்டுக்கு 100 கோடியில் 10,000 கோடி வேலை எத்தனை ஆண்டு இழுக்கும் என்பதை யாரும் கணக்குப் பார்க்கலாம். மத்தியப் பள்ளத்தாக்கை விட்டுவிடச் சொல்லவில்லை; கட்டிய பாலங்களைப் பாழாக விடுவது இன்னும் பெரிய இழப்பு. மெர்செட் – பேக்கர்ஸ்ஃபீல்டு 275 கி.மீ.யை முடித்து ரயிலை ஓடவிட வேண்டும்.

ஏழாம் நாள்: ஃப்ரெஸ்னோ – சான் ஹோசே – சான் பிரான்சிஸ்கோ

காலை ரயிலும் பேருந்துமாக சான் ஹோசே. அங்கிருந்து கால்ட்ரெய்ன்.

2024 செப்டம்பர் முதல் இது முழு மின்சாரம்: 82 கி.மீ. பாதை, 25 கிலோவோல்ட், ஸ்டாட்லர் இரண்டடுக்கு ரயில். உச்ச வேகம் டீசல் காலத்தில் இருந்த அதே 127 கி.மீ.தான். ஆனாலும் எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு முன்பு 100 நிமிடம், இப்போது 80-க்கும் குறைவு. டீசல் ரயிலில் ஒரே எஞ்சின் மொத்தக் கனத்தையும் இழுக்கும். இதில் மோட்டார்கள் பெட்டிகளில் பகிர்ந்திருக்கின்றன. நிலையத்தை விட்டதும் வேகம் சட்டென்று ஏறுகிறது. இருபது தடவை நின்று கிளம்பும் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் மிச்சமானால் இருபது நிமிடம். வார இறுதியிலும் அரை மணிக்கு ஒன்று விட்டார்கள். கூட்டம் வேகமாகத் திரும்பி வந்தது. இதே கம்பியின் கீழ்தான் நாளை அதிவேக ரயிலும் சான் பிரான்சிஸ்கோவுக்குள் வர வேண்டும். வழியில் 40-க்கு மேற்பட்ட லெவல் கிராசிங்குகளை என்ன செய்வது என்பது பாக்கி.

கால்ட்ரெய்ன் முடிவது நான்காம் தெரு – கிங் தெரு நிலையத்தில். ஊரின் அலுவலகப் பகுதி இன்னும் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது, டிராம் பிடிக்கலாம், நடந்தால் அரை மணி. அங்கே 2018-இல் திறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் பேருந்து முனையத்தின் அடியில் ரயிலுக்கென்று ஒரு பெரிய கான்கிரீட் கூடம் கட்டி முடித்து வைத்திருக்கிறார்கள். அந்த 2 கி.மீ. சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை. மேல்தளத்துப் பூங்காவுக்கு லிஃப்ட் உண்டு, கீழ்த்தளம் பூட்டியிருக்கிறது.